ஜாரவா காட்டு வழியே போகிறவர்களுக்கு

அந்தமானில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் போனில் பிடித்து, "பாராட்டாங் போறோம், வழியில ஜாரவாக்களைப் பார்க்கலாமாமே?" என்று கேட்டுவிடுகிறார். என் சொந்தக்காரக் குடும்பம் ஒன்றிடம் டூர் பேக்கேஜ் விற்றவர்கள் அதைச் சொல்லியேதான் பணம் வாங்கியிருந்தார்கள். வாட்டர் ஸ்போர்ட்ஸ், கோரல் பார்ப்பது, அப்புறம் "பழங்குடி தரிசனம்". பாராட்டாங் என்பது சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கப் போகிற தீவு; அதற்குப் போகிற சாலை, வேட்டையாடி வாழும் ஜாரவாப் பழங்குடிகளின் காட்டைக் கடக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் மீது கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நடு அந்தமானில் ரங்கத் பக்கம் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சாலையில் நிறையப் போய் வந்திருக்கிறேன். தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் வரைபடம். அந்தமான் என்றால் ஒரே தீவு என்று நினைப்பவர்கள் அதிகம். வடக்கு அந்தமான், நடு அந்தமான், பாராட்டாங், தெற்கு அந்தமான் எல்லாம் வடக்குத் தெற்காக ஒன்றன் கீழ் ஒன்றாக நீண்டு கிடக்கின்றன. நடுவே ஓடும் கடல் கால்வாய்கள் சில இடங்களில் அவ்வளவு குறுகல். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலைதூக்கிய பகுதிதான் இது. அதனால் நிலம் முழுக்கக் குன்று, சரிவு, ஓடை. சமதளம் என்பதே கொஞ்சம். மலை உயரமும் பெரிதில்லை. வடக்கே உள்ள சேடல் பீக்தான் இருப்பதிலேயே உயரம், 700 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். குடியேறிய நம் போன்றவர்கள் கிழக்குக் கரையையும் சாலையோரப் பள்ளங்களையும் பிடித்துக்கொண்டோம். தெற்கு அந்தமானிலும் நடு அந்தமானிலும் மேற்குப் பக்கம் முழுக்க ஜாரவாக்களின் காடு. 1956இல் பழங்குடிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் கீழ் இது ஒதுக்கப்பட்ட நிலம். 2004இல் எல்லையை விரித்தபோது பரப்பு 1028 சதுர கிலோமீட்டர் ஆனது. அவர்கள் மீன் பிடிக்கும் கரையோரக் கடலும் அதில் அடக்கம்.

அந்தமான் டிரங்க் ரோடு, அங்கே எல்லோரும் ஏடிஆர் என்பார்கள், இந்தக் காட்டை நீளவாக்கில் கீறிக்கொண்டு போகிறது. ஜிர்காதாங் செக்போஸ்டிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை (அங்கே கால்வாயைத் தாண்டினால் பாராட்டாங்) ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்த 50 கிலோமீட்டரில் ஒரு கடை, ஒரு வீடு, ஒரு கழிப்பறை கிடையாது. சாலை போட்ட காலத்தில் ஜாரவாக்கள் அம்பு எய்து தடுத்தார்கள். பாதை வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள், காவலுக்கு நின்ற புஷ் போலீஸ்காரர்களும் செத்தார்கள். ஜாரவாக்கள் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. பழைய டிரைவர்கள் டீ குடிக்கும்போது அந்தக் கதைகளைச் சொல்வார்கள். கேட்கிற நமக்கு வீரக்கதை மாதிரி இருக்கும். யார் வீட்டுக்குள் யார் ரோடு போட்டார்கள் என்று யோசித்தால் அந்தக் கதையை அப்படிக் கேட்க முடியாது.

இப்போது மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது அதில்தான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுமுன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமானில் கால் வைத்துவிடும். செப்டம்பர் வரை அது. அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடும், அதோடு புயல் சின்னங்கள். வங்கக் கடலில் உருவாகி நம் கரைக்கு வரும் புயல்களில் பல அந்தமான் கடலில்தான் பிறக்கின்றன. ஆக வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் மழையில்லாத காலம். வெயில் 32, 33 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் போகாது. ஆனால் காற்றில் ஈரம் அவ்வளவு இருப்பதால் சட்டை காலையிலேயே முதுகில் ஒட்டிக்கொள்ளும். துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும், பள்ளியில் சாக்பீஸ் கூட நமத்துப்போகும்.

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் மார்ச், ஏப்ரலில் குடிதண்ணீருக்குப் பஞ்சம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மை. தீவு குறுகல், சரிவு அதிகம். பெய்கிற தண்ணீர் சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். போர்ட் பிளேரில் (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜய புரம்) கோடையில் குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள் வந்தாலே அதிர்ஷ்டம். ரங்கத்தில் என் வீட்டு ஓட்டுக் கூரையின் கீழ் டிரம் வரிசையாக வைத்திருந்தேன், மழைத் தண்ணீருக்கு. அதே மாதங்களில் ஏடிஆரில் போகும்போது பார்த்தால், காட்டுக்குள்ளிருந்து வருகிற நாலாக்களில் (ஓடைகளில்) தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். குடியிருப்பு ஓரத்து நாலா காய்ந்து கல் தெரியும். இரண்டுக்கும் பெய்தது ஒரே மழை. எனக்கு இதற்கு மேல் காட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

காடு எப்படி இருக்கும் என்றால், கண்ணாடி வழியே பார்க்கிறவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். சாலை வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழுவதால் கொடிகளும் ஏறு மூங்கிலும் அடைத்துக்கொண்டு வளர்ந்துவிடுகின்றன, அந்தத் திரைக்குப் பின்னால்தான் உண்மையான காடு. கொஞ்ச நாள் போய் வந்தால் கண் பழகும். பள்ளத்திலும் ஈரமான மடிப்புகளிலும் குர்ஜன். நேராக, கிளையே இல்லாமல் மேலே போய், மற்ற மரங்களுக்கெல்லாம் மேலே தலையை விரிக்கும். அதன் காய்க்கு இரண்டு நீள இறக்கை உண்டு, காற்றடித்தால் சுழன்று சுழன்று இறங்கும். சரிவுகளில் பதாக், தூப், பபிதா, தீது. இவற்றில் பல, வெயில் மாதங்களில் இலை உதிர்ப்பவை. பிப்ரவரி, மார்ச்சில் போனால் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே குர்ஜன் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்து, எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். கால்வாய் ஓரங்களில் அலையாத்தி. நம் பிச்சாவரத்தில் பார்த்த அலையாத்தியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், பாராட்டாங்கில் அது உயர்ந்து இரண்டு பக்கமும் கூடிக்கொள்ளும், படகு அதன் அடியில் போகும்.

அந்தச் சாலையில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து, கான்வாயாகத்தான் விடுவார்கள். ஒரு ஜூன் மாதத்தில் எங்கள் கான்வாய்க்கு முன்னால் பபிதா ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் முன் சீட்டில் இருந்ததால் நன்றாகப் பார்க்க முடிந்தது. அவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் என்று ஒன்றுமே இல்லை. வேர்கள் எல்லாம் பக்கவாட்டில் ஓடி, தட்டையாக, மண்ணோடு பிடுங்கிக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அது நின்ற இடத்தில் குழி ஒரு முழ ஆழம்கூட இல்லை. மேலே கறுப்பாக ஒரு சாண் மண், அதன் கீழே மஞ்சளும் சிவப்புமான களிமண், மழையில் வழுக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் தமிழர், இரண்டு தலைமுறையாக அங்கே இருப்பவர். "சார், இந்த ஊர் மண்ணே அவ்வளவுதான். மரம் நிக்கிற வரைக்கும்தான் மண்ணு, மரம் போச்சுன்னா மண்ணும் கடலுக்குப் போயிடும்" என்றார். பபிதா மெத்து மரம், ஒரு காலத்தில் தீப்பெட்டிக் குச்சிக்கு வெட்டினார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். மரம் அறுக்கிற மெஷின் வருவதற்குள் அடிமரத்தின் மேலிருந்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரணி, ஆர்க்கிட், பாசி, பேர் தெரியாத நாலைந்து. தரையில் ஒன்றுகூட வேர் விடாமல் அந்த உயரத்திலேயே வாழ்ந்திருந்தவை.

ஏன் பெரிய மரங்களின் அடியில் பலகை மாதிரி வேர் புடைத்து நிற்கிறது, ஏன் வெட்டிய இடத்தில் மறுபடி அதே காடு வருவதில்லை என்பதெல்லாம் அந்த ஒரு முழக் குழியைப் பார்த்தபின் எனக்குப் பிடிபட்டது. சத்து முழுக்க மேல் மண்ணிலும் மரத்திலும்தான் இருக்கிறது. போர்ட் பிளேரில் 1883இலிருந்து சாத்தம் மர அறுவை மில் ஓடுகிறது. தீவின் மற்ற பகுதிகளில் எவ்வளவு குர்ஜனும் பதாக்கும் அதற்குள் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதிகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வெட்டக் கூடாது என்றது. அதே உத்தரவில் அந்தக் காட்டை ஒட்டிய ஏடிஆர் பகுதியை மூடவும் சொன்னது. மரம் வெட்டுவது நின்றது. சாலை மூடப்படவில்லை.

காட்டு மிருகம் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புலி, சிறுத்தை, கரடி, குரங்கு எதுவும் இந்தக் காட்டுக்குச் சொந்தமில்லை. காட்டுப்பன்றிதான் பெரிய மிருகம். புள்ளிமானை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அதை வேட்டையாட வேறு மிருகம் இல்லாததால் அது பெருகி, முளைக்கிற கன்றுகளையெல்லாம் தின்று தீர்க்கிறது. ஜாரவாக்கள் வழக்கமாக மானைத் தொடுவதில்லை. அவர்கள் சாப்பாடு பன்றி, மீன், நண்டு, ஆமை, கிழங்கு, காட்டுப் பழங்கள், தேன். மழை நின்ற மாதங்களில்தான் தேன். மரத்தின் உச்சியில் கட்டிய மலைத்தேனீக் கூட்டை எடுக்க ஏறும்போது ஒரு செடியின் சாற்றை உடம்பில் பூசிக்கொள்கிறார்கள், ஈ கொட்டாமல் விலகிவிடுகிறது. காலத்துக்குத் தக்கபடி கரைக்கும் உள்காட்டுக்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே சாலையிலிருந்து பார்க்கும்போது காலியாகத் தெரிகிற காடு காலி இல்லை. மானுக்கும் பன்றிக்கும் நண்டுக்கும் வெளியாட்கள் திருட்டுத்தனமாக உள்ளே போகிறார்கள், அவர்கள் கொல்கிற பன்றி ஒரு ஜாரவாக் குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறு.

நம்மால் அவர்களுக்கு என்ன வரும் என்பதற்குச் சமீபத்திய வரலாறே போதும். 1996இல் நடு அந்தமானில் கதம்தலாப் பக்கம் கால் முறிந்து கிடந்த ஜாரவாப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய், போர்ட் பிளேரில் மாதக்கணக்கில் வைத்திருந்து குணமாக்கி அனுப்பினார்கள். அடுத்த வருடக் கடைசியில் ஜாரவாக்கள் வில் அம்பில்லாமல் குடியிருப்புகளுக்கு வர ஆரம்பித்தார்கள். 1999இல் தட்டம்மை. நமக்கு ஒரு வாரக் காய்ச்சல், அவர்களுக்கு நிமோனியா. 2006இல் மறுபடியும் தட்டம்மை. 2001 கணக்கெடுப்பில் அவர்கள் 240 பேர், 2011இல் 380. எண்ணிக்கை கூடுவது நல்ல சேதி, ஆனால் ஒரு தெருவில் குடியிருக்கிற அளவு ஆட்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 2012இல் சாலையோரத்தில் ஜாரவாப் பெண்களைத் தின்பண்டம் காட்டி ஆடவைத்த வீடியோ வெளியாகி உலகமே பார்த்தது. அதன் பிறகு சட்டம் இறுகியது. 2013 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்தது.

அதனால் நடைமுறை இதுதான். ஜிர்காதாங்கில் வண்டி விவரம், பயணிகள் பெயர், அடையாள அட்டை நகல் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும். நகலைப் போர்ட் பிளேரிலேயே நாலு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விடிகாலையில் அங்கே ஜெராக்ஸ் தேடி அலைய முடியாது. வண்டிகள் தனியாகப் போக முடியாது, குறித்த நேரங்களில் கான்வாயாகத்தான் விடுவார்கள். முதல் கான்வாய் காலை 6 மணிக்கு. அதைப் பிடிக்கப் போர்ட் பிளேரில் மூன்றரை, நாலு மணிக்குக் கிளம்பினால்தான் வரிசையில் இடம் கிடைக்கும். ஆறு மணி என்றதும் இருட்டு என்று பயப்பட வேண்டாம். தீவு நமக்கு வெகு கிழக்கே இருப்பதால் ஐந்து, ஐந்தரைக்கே விடிந்துவிடும். அதே காரணத்தால் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கே இருட்டிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே. ஊர்ப் பழக்கத்தில் மாலைக்கு ஒரு திட்டம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் திண்டாடுவது இதனால்தான்.

வேகம் 40க்கு மேல் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, போட்டோ, வீடியோ எதுவும் கூடாது. மீறினால் அபராதத்தோடு விடமாட்டார்கள், ஜெயில் வரை போகும். நான் சேர்த்துச் சொல்வது: கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். யாராவது ஓரத்தில் நின்றால் கை காட்ட வேண்டாம், பிஸ்கட் நீட்ட வேண்டாம், எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். நம் தெருவில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் நம் வீட்டுத் திண்ணையைப் பார்த்து இப்படிச் செய்தால் எப்படி இருக்கும்? இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குப்பையை, குறிப்பாகத் தின்பண்டக் கவரை, வெளியே போடவே போடாதீர்கள். பின் சீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் ஜாரவாக்களைப் பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் பதில் சாலையை மூடிவிடலாமே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரங்கத்தில் ஒரு மழைக்காலம் இருந்த பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை. கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். பிரசவத்துக்குச் சிக்கலானவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக அந்தச் சாலைதான். காய்கறியும் மருந்தும் அதில்தான் வரும். அங்கே இருக்கிற வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் தமிழர்களும் பர்மாவிலிருந்து வந்த கரேன்களும் அரசு கொண்டுவந்து குடியமர்த்தியவர்களும் பிழைக்க வந்தவர்களும்தான். ஆம்புலன்ஸுக்கும் அரிசி லாரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சேற்று எரிமலை பார்க்கப் போகிற இன்னோவாவுக்கு அதே நியாயத்தைக் கொடுக்க என்னால் முடியவில்லை. போதாக்குறைக்கு அந்தச் சேற்று எரிமலை என்பது பெரும்பாலான நாட்களில் முழங்கால் உயர மண்மேட்டில் குமிழி வெடிப்பதுதான். சுண்ணாம்புக் குகைக்குப் போகிற அலையாத்திப் படகுப் பயணம் மட்டும் போன காசுக்கு மேல்.

ஆகவே காடு பார்க்க வேண்டும் என்றால் என் யோசனை வேறு. போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து ரங்கத்துக்கு அரசுப் படகு உண்டு. லாங் ஐலண்ட் வழியாக, கிட்டத்தட்ட ஒரு பகல் பிடிக்கும். கடலிலிருந்து பார்த்தால்தான் இந்தத் தீவுகளின் காடு எப்படி அடுக்கடுக்காகக் கரை வரை இறங்குகிறது என்று தெரியும். வழியில் ஸ்ட்ரெய்ட் ஐலண்ட் வரும். கிரேட் அந்தமானியர்களுக்கு ஒதுக்கிய தீவு, நாம் இறங்க அனுமதியில்லை. வெள்ளைக்காரன் 1858இல் கைதிகள் குடியிருப்பு போட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்த மக்கள், இன்று சில பத்துப் பேர். வெளியாரோடு முதலில் நட்பானவர்கள் அவர்கள்தான். நூறு வருடத்துக்கு மேல் ஒதுங்கி நின்று அம்பு எய்தவர்கள் ஜாரவாக்கள். படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீவைக் கடக்கும்போது இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

படகில் போகிறவர்கள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு, அது சரிதான். வாந்தி வருகிறவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், கடல் அப்போது அமைதி. மற்ற மாதங்களில் படகு ரத்தானால் மறுநாள் விமானம் தவறும், திரும்பும் நாளுக்கு முன் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். வடக்கே காட்டோரம் நடக்கிற இடங்களில் மழைக்காலத்தில் அட்டை ஏறும், உப்பும் புகையிலைத் தூளும் போதும். கடற்கரையில் மணல் ஈ கடித்தால் சொறியாதீர்கள், புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு போவது அங்கே எல்லோரும் செய்வது. கால்வாய்களில் முதலை உண்டு, அலையாத்தி ஓரத்தில் தண்ணீரில் கால் நனைக்க வேண்டாம்.

சாலையில்தான் போயாக வேண்டும் என்றால், போர்ட் பிளேரை விட்டதும் சிப்பிகாட் வரும், அங்கே வலது இடது பாருங்கள். இது ஒதுக்கீட்டுக்கு வெளியே, நிறுத்திப் பார்க்கலாம். 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தரை தாழ்ந்தது, வடக்குப் பக்கம் உயர்ந்து பவளப்பாறை வெளியே வந்துவிட்டது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் அன்றைக்கு ஏறிய கடல்நீர் திரும்பிப் போகவே இல்லை. தென்னையும் பாக்கும் பட்டுப்போய், அடிமரங்கள் வெகு காலம் தண்ணீருக்குள் நின்றிருந்தன. இப்போது கொக்கும் நாரையும் அங்கே மேய்கின்றன. பறவை பார்ப்பவர்கள் பைனாகுலர் எடுத்துப் போனால் அரை நாள் இங்கேயே ஓடிவிடும்.

திரும்பும் கடைசி கான்வாயின் நேரத்தை மிடில் ஸ்ட்ரெய்ட்டில் இறங்கிய உடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சீசனுக்குச் சீசன் மாறும். குகைக்குப் படகு வரிசை நீளமாக இருந்தால் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புங்கள். கான்வாய் தவறினால் இரவு பாராட்டாங்கில்தான். அங்கே அறைகள் குறைவு. கையில் ரொக்கம் இருக்கட்டும், போனில் பணம் அனுப்பச் சிக்னலை நம்ப முடியாது.